ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள்

நெடுஞ்சாரல் பேரூராட்சியின் அறிவிப்புப் பலகையில் செல்போன் கோபுரத்துக்கான நோட்டீஸை ஒட்டிய அன்று காலை பத்தேகால் மணிக்கு, அந்த நோட்டீஸைக் கிழித்த ஒருவனின் தலையில் மாவு மில் வடிவின் தம்பி சங்கிலி மண்வெட்டிப் பிடியால் ஓங்கி அடித்தான். அடிவாங்கியவன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு தெரு தள்ளி அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சங்கிலியின் பெண்டாட்டி பேச்சியம்மாளுக்கு மண்டை பிளந்து, குடத்துத் தண்ணீர் சிவந்தது.

அடுத்த மூன்று நாட்களில் இன்னும் ஏழு பேர் கை ஓங்கினார்கள், ஏழு அடியும் வேறெங்கோ போய் விழுந்தது, எட்டாவது அடிக்குள் ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டது: ஒருவன் அடித்தால் அந்த அடி, அவன் யார்மேல் உயிரை வைத்திருக்கிறானோ அவர் உடம்பில் விழும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனி மாதம் சாரல் வருவதைப் போல இதுவும் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். மருந்துக்கடை கம்பவுண்டர் ஞானதுரை மட்டும் தன் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார், காயத்தோடு வருகிறவர்களிடம் முன்பு “யாரு அடிச்சா?” என்று கேட்பவர், இப்போது “உங்க வீட்டு ஆளு யாரை அடிச்சாரு?” என்று கேட்டபடி பஞ்சை எடுத்தார்.

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அந்த ஊரில் செல்போன் வெறும் கடிகாரமாகத்தான் இருந்தது. யாருக்காவது பேச வேண்டுமென்றால் பஸ் ஏறி மலைப்பாதையின் எட்டாம் வளைவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். வடிவின் புருஷன் மாசானமுத்து லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் அவன் லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போவதற்காக வடிவு பஸ்ஸில் போனபோது, எட்டாம் வளைவில் அவள் மடியிலிருந்த போன் துடிக்கத் தொடங்கி நிற்காமல் துடித்தது. தவறிய அழைப்புகள் பதினேழு. பதினேழும் அவனிடமிருந்து, பதினேழும் லாரி கவிழ்ந்த பிறகு வந்தவை. அவள் பஸ்ஸை நிறுத்தி இறங்கி, பாறைமேல் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றும் வந்த நேரத்தை வாசித்தாள். முதல் அழைப்புக்கும் கடைசி அழைப்புக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இருந்தது.

அதனால்தான் ஒரு கம்பெனிக்காரன் வந்து, கோபுரம் வைக்க உங்கள் மில்லுக்குப் பின்னாலுள்ள இடம் தோதாக இருக்கிறது என்று சொன்னபோது அவள் வேறெதையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அந்த இடம் பேரூராட்சி வரைபடத்தில் மஞ்சள் பூசிய குடியிருப்பு மண்டலம். அங்கே கோபுரம் எழுப்ப விதியில் இடமில்லை. விதிவிலக்கு வேண்டும், அதற்கு மன்றம் தீர்மானம் போட வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். இந்த விதியெல்லாம் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தலைகீழாகத் தெரியும். அவர் தெய்வநாயகம், நில அளவைத் துறையில் முப்பத்துநாலு வருஷம் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வுபெற்றவர், சர்வேயர் என்று ஊரே கூப்பிட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். அவர் வீடு வடிவின் இடத்துக்கு ஒட்டினாற்போல இருந்தது. மகள் செண்பகம் ஆறு மாதக் கர்ப்பத்தோடு புருஷன் மகாராஜனையும் கூட்டிக்கொண்டு பிரசவத்துக்கு வந்திருந்தாள். கோபுரத்திலிருந்து வரும் கதிர் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அன்று முதல் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று முதல் சர்வேயர் மனு எழுத உட்கார்ந்தார்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கோபுரம் வேண்டும் என்றவர்கள் மேலத்தெரு, வேண்டாம் என்றவர்கள் கீழத்தெரு. அடித்தால் சொந்த வீட்டில்தான் ரத்தம் வரும் என்று தெரிந்தபின் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்காரன் ஒருவன் கீழத்தெருக்காரனைக் கல்லால் அடித்தான். அடித்தவன் பெண்டாட்டி தன் உடம்பில் எங்கே காயம் வரப்போகிறது என்று வாசற்படியில் நின்று காத்திருந்தாள், எதுவும் வரவில்லை. சாயங்காலம் தையல்கடைக்காரி ஒருத்தி உதடு கிழிந்து மருந்துக்கடைக்கு வந்தாள் என்று கேள்விப்பட்டதும் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்ற ஒருத்தி, மூத்தவன் தெருச்சண்டைக்குப் போய்வந்த பிறகும் தன் மேலில் ஒரு கீறல்கூட இல்லை என்று இரண்டு நாள் அழுதாள்; பிறகு கடைசி மகனைக் கூப்பிட்டு, “யாரையாவது போய் ஓங்கி ஒரு அறை அறைஞ்சிட்டு வாடா” என்று அனுப்பிவிட்டு, கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறை விழுந்தபோது அவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. அதைக் காட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். இப்படிச் சோதித்துப் பார்க்கவே அடித்தவர்கள் கோபத்தில் அடித்தவர்களைவிட அதிகமானார்கள். பஞ்சும் மருந்தும் வெளியூரிலிருந்து இரண்டு முறை வர வேண்டியிருந்தது.

கீழத்தெருக்காரர்கள் ஒரு யோசனை செய்து, கறிக்கடையில் ஆடு உரிக்கிற கொம்பையாவைக் கூட்டிவந்தார்கள். கொம்பையாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் இல்லை, நாய்கூட இல்லை. அவன் வேலை முடிந்த கையோடு வந்து, கம்பெனிக்கு அளவெடுக்க வந்த இரண்டு ஆட்களை உருட்டுக்கட்டையால் அரைமணி நேரம் அடித்தான். அவர்களுக்கும் வலிக்கவில்லை, ஊரில் வேறு எவருக்கும் வலிக்கவில்லை. அடி எல்லாம் காற்றோடு போயிற்று. கொம்பையா கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எனக்குன்னு ஒருத்தர்கூடவா இல்ல?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான். மறுநாள் அவன் கறிக்கடைக்கு வரவில்லை, அதன்பின் ஊரில் யாரும் அவனைப் பார்க்கவுமில்லை.

எதிரிக்கு வலிக்க வேண்டுமென்றால் எதிரியை அடிக்கக் கூடாது, எதிரி நம்மை அடிக்க வைக்க வேண்டும் என்ற ஞானம் அதன் பிறகு வந்தது. மேலத்தெருவும் கீழத்தெருவும் தினமும் காலையில் முச்சந்தியில் கூடி, தலையைக் குனிந்து முன்னால் நீட்டிக்கொண்டு, எதிரியின் பிறப்பையும் வளர்ப்பையும் பெண்டு பிள்ளைகளையும் இழுத்து வைத்து ஏசினார்கள். ஏச்சுப் பொறுக்காமல் எவனாவது ஓங்கி அடித்தால், அடி வாங்கியவன் சிரித்தான், அடித்தவன் தன் வீட்டை நோக்கி ஓடினான். ஒருவன் ஓடிப்போய்ச் சேரும்போது அவன் தகப்பன் விலா எலும்பு முறிந்து கட்டிலுக்கடியில் கிடந்தார். இன்னொருவனின் அக்காவுக்குக் கண் ஒன்று போயிற்று. போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. யாரைக் குற்றவாளி என்று எழுதுவது என்று தெரியாமல், வந்தவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திருப்பி அனுப்பினார்.

இத்தனைக்கும் நடுவில் வடிவும் சர்வேயரும் மட்டும் ஒருவரையும் கைநீட்டி அடிக்கவில்லை. வடிவிடம் கேட்டால், “நான் அடிச்சா சுடுகாட்டுக்குத்தான் போவும், யாருக்கு வலிக்கப் போவுது” என்றாள். சர்வேயரிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் முறைப்படி நடக்கிற மனிதர். ஒவ்வொரு ஆட்சேபணையையும் பேரூராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கியதும், அதன் நகலை எதிர்தரப்புக்குத் தர வேண்டும் என்று தானாகவே ஒரு விதி வைத்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு மாவு மில்லுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்.

“மில்லுக்காரம்மா, இது நாலாவது ஆட்சேபணை. வாசிக்கட்டுமா?”

“மோட்டாரை நிறுத்திட்டு வாரேன், வாசிங்க.”

“மேற்படி இடம் குடியிருப்பு மண்டலத்தில் அமைந்திருப்பதாலும், கோபுரத்தின் உயரம் நாற்பது மீட்டர் என்பதாலும், அது சாயும் பட்சத்தில் என் வீட்டின் வடக்கு அறையில் விழும் என்பதாலும்…”

“வடக்கு ரூமுல யாரு படுக்கா?”

“செண்பகம்.”

வடிவு முகத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். “அப்பம் தெக்க தள்ளி வைக்கச் சொல்லுதேன்.”

“தெக்க தள்ளுனா உங்க மில்லு மேல விழும்.”

“விழட்டும்.”

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “அதுக்கும் நான் ஆட்சேபணை போடுவேன்” என்றார்.

ஐந்தாவது ஆட்சேபணை அதுதான். ஆறாவது பறவைகளைப் பற்றியது, ஏழாவது ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றியது. வடிவு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், அவர் அவள் பதிலைக் கேட்டு, யோசித்து, சில நேரம் ஒத்துக்கொண்டு தாளில் அடித்துத் திருத்தினார். வெளியே முச்சந்தியில் ஏச்சும் ஓட்டமுமாகக் கிடந்த அந்த நாட்களில், மாவு மில்லில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மோட்டார் நின்றிருந்தது. அரைக்க வந்தவர்கள் தூக்குவாளியோடு வெளியே காத்திருந்தார்கள். எட்டாவது ஆட்சேபணை நாளில், ஏன் இந்தக் கோபுரம்மேல் இத்தனை பிடிவாதம் என்று அவர் கேட்டார். வடிவு யாரிடமும் சொல்லாத அந்தப் பதினேழு அழைப்புகளை அவரிடம் சொன்னாள், கடைசி அழைப்பின் நேரம் வரைக்கும் சொன்னாள். அவர் அன்று நகலை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்து ஆட்சேபணைகளுக்கு நகல் வந்தது. பதினோராவதுக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு மன்றக் கூடத்தில் விசாரணை. ஊர் முழுவதும் வந்திருந்தது. தலையில் கட்டுப் போட்டவர்கள், கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டவர்கள், ஒற்றைக் கண்ணோடு பார்த்தவர்கள், எல்லோரும் கிழக்கும் மேற்குமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். செயல் அலுவலர் ஒரு நடுவயதுப் பெண்; மேஜைமேல் காகிதங்கள் பறக்காமலிருக்க இரண்டு கிலோ எடைக்கல் ஒன்றை வைத்திருந்தார். சர்வேயர் எழுந்து பத்து ஆட்சேபணைகளையும் வாசித்தார். பத்துக்கும் கம்பெனிக்காரனிடம் பதில் இருந்தது. எல்லாம் வடிவு சொல்லிக்கொடுத்த பதில்கள். அவர் கடைசித் தாளை எடுத்தார். செண்பகம் வயிற்றைப் பிடித்தபடி முன்வரிசையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினோராவது. நில உரிமையாளர் கோபுரம் கேட்பது ஊரின் தேவைக்காக அல்ல, இறந்துபோன தன் கணவரிடமிருந்து வந்த பதினேழு அழைப்புகளுக்காக என்பதாலும், இறந்தவர் மறுபடி அழைக்கப் போவதில்லை என்பதாலும்…”

கீழத்தெருப் பக்கம் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குத் தாவி, கூடத்தின் பாதி சிரித்தது.

வடிவு எழுந்து மேஜைக்கு வந்தாள். “அதை உங்ககிட்டதான சொன்னேன்” என்றாள்.

“வேற ஒண்ணும் மிச்சமில்ல, மில்லுக்காரம்மா” என்றார் சர்வேயர். “எல்லாத்துக்கும் நீங்க பதில் சொல்லிட்டிய.”

அவள் எடைக்கல்லை எடுத்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை, தன் அடி சுடுகாட்டுக்குத்தான் போகும் என்று அவளே சொல்லியிருக்கிறாளே. முப்பது நாளில் ஊரில் விழுந்த அத்தனை அடியையும்விட ஓங்கி, பயமே இல்லாமல், அவர் நெற்றியில் அடித்தாள்.

சர்வேயரின் நெற்றி உடைந்தது.

ரத்தம் கண்ணாடியில் வழிந்து தாளில் சொட்டியது. அவர் பின்னால் சரிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு மாதத்தில் அடி வாங்கிய இடத்திலேயே ரத்தம் வந்த மனிதர் அவர் ஒருவர்தான். கூடம் முழுவதும் அதைப் பார்த்தது, அதற்கு அர்த்தம் என்ன என்று அத்தனை பேருக்கும் தெரிந்தது, சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். வடிவு கையிலிருந்த கல்லையும் அவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். கல் அவள் கையிலிருந்து நழுவிச் செண்பகத்தின் காலடியில் விழுந்தது.

“எங்கப்பாவை” என்று ஆரம்பித்த செண்பகம் அந்த வார்த்தையை முடிக்கவில்லை. வயிற்றோடு குனிந்து, இரண்டு கையாலும் கல்லை எடுத்து, வடிவின் தலையில் போட்டாள். மகாராஜன் கூடத்தின் மறு மூலையிலிருந்து, “செண்பகம், வேண்டாம்” என்று கத்தியபடி, அடி தன்மேல்தான் விழப்போகிறது என்று தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். வடிவு அசையாமல் நின்றாள், அவள் கூந்தலில் ஒரு மயிர்கூடக் கலையவில்லை. மகாராஜனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரின் உச்சந்தலையில், முதல் காயத்துக்கு மேலே, இரண்டாவது காயம் திறந்தது.

இருவரும் அவரை நோக்கி ஓடினார்கள். அவரைத் தாங்கிப் பிடித்ததில் வடிவின் கையும் செண்பகத்தின் கையும் ஒரே ரத்தத்தில் நனைந்தன. சர்வேயர் முதலில் மகளைப் பார்த்தார், அப்புறம் வடிவைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டவராகத் தெரியவில்லை.

“இனி ரெண்டு பேரும் யாரையும் அடிக்காதிய” என்றார்.

ஞானதுரை பஞ்சோடு வருவதற்குள் அவர் இறந்துபோனார்.

மகாராஜன் அன்று மதிய பஸ்ஸுக்கே திருப்பூர் போனான். தன் தலையில் காயம் விழாததை அவன் யாரிடமும் பேசவில்லை, திரும்பி வரவுமில்லை. எஸ்.ஐ. வந்து எல்லோரையும் விசாரித்தார். வடிவு அடித்தேன் என்றாள், செண்பகமும் அடித்தேன் என்றாள். செண்பகம் அடித்த ஆள் காயமில்லாமல் எதிரே நிற்கிறாள், வடிவு அடித்த அடியில் சாகவில்லை என்று கம்பவுண்டர் சொல்கிறார். எஸ்.ஐ. இரண்டு நாள் யோசித்து, கால் இடறி விழுந்து இறந்தார் என்று எழுதினார். ஊரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

மறுவாரம் மன்றம் கூடியது. பதினோரு ஆட்சேபணையும் ஒரே ஆளின் பெயரில் இருந்ததாலும், அந்த ஆள் இப்போது இல்லாததாலும், ஆட்சேபணை ஏதுமில்லை என்று பதிவுசெய்து விதிவிலக்கு அளிக்கப்பட்டது. வடிவு செயல் அலுவலரிடம் போய், கோபுரம் வேண்டாம், மனுவைத் திருப்பித் தாருங்கள் என்றாள்.

“மனு உங்களுதில்லம்மா, கம்பெனியோடது” என்றார் அலுவலர். “நீங்க இடம் கொடுத்தவங்க. ஒப்பந்தம் இருக்கு.”

“அப்பம் நான் ஆட்சேபணை போடுதேன்.”

“முப்பது நாள் முடிஞ்சிருச்சும்மா.”

ஆட்கள் வந்தார்கள், குழி தோண்டினார்கள், சிவப்பும் வெள்ளையுமாக நாற்பது மீட்டர் கோபுரம் எழும்பியது. ஊர் பேசத் தொடங்கியது. போனில் எவ்வளவு ஏசினாலும் யாருக்கும் காயம் வருவதில்லை என்று கண்டுகொண்டதும், மேலத்தெருவும் கீழத்தெருவும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே ஏசிக்கொண்டன, முச்சந்தி காலியானது. அடி மட்டும் பழைய வழிக்குத் திரும்பவில்லை, ஆனால் அடிப்பவர்கள் குறைந்துபோனார்கள். வடிவு ஒருநாள் மில்லின் இரும்புச் சக்கரத்தில் தன் தலையை மோதினாள். ஏழெட்டு முறை மோதினாள். காயம் எதுவும் வரவில்லை. அவள் அடி போய் விழ இந்த உலகத்தில் இடமில்லை. அதன் பிறகு அவள் மோதவில்லை, அரைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு நண்பகலில் செண்பகம் மில் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. கோபுரத்துக் கதிர் அதை ஒன்றும் செய்யவில்லை. நன்றாகக் கொழுத்து, தலை நிறைய முடியோடு இருந்தது. வடிவு மோட்டாரை நிறுத்தினாள்.

“உங்களை அடிக்கணும்னுதான் வந்தேன்” என்றாள் செண்பகம். “தினமும் நெனைக்கேன். வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கேன்.”

“அடி” என்றாள் வடிவு.

“அடிச்சா இவ மேல விழும்.”

செண்பகம் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “ஒருவேளை விழாது. அதுவும் பயமா இருக்கு. அன்னிக்கு இவ வயித்துல இருந்தா, இவமேல விழல. எங்கப்பா மேல விழுந்துச்சு. இவளை எனக்குப் பிடிக்காதோன்னு இவ பொறந்ததுலேருந்து நெனைச்சுக்கிட்டே இருக்கேன். இவளுக்காவது என்னைப் பிடிக்குமான்னும் தெரியல. ராத்திரியெல்லாம் அழுவுதா, நான் தூக்குனா நிறுத்த மாட்டேங்கா.”

“இங்க கொண்டா” என்று வடிவு கையை நீட்டினாள். செண்பகம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

குழந்தைக்கு அந்தப் புது முகமும், புருவமெல்லாம் மாவாக இருந்ததும் பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்கியது. கையை உயர்த்தி, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, வடிவின் கன்னத்தில் பட்டென்று அடித்தது.

வடிவுக்கு வலிக்கவில்லை.

எதிரே நின்ற செண்பகத்தின் கன்னத்தில் நாலு சின்ன விரல்களின் தடம் மெல்லச் சிவந்து எழும்பியது. அவள் கையைக் கொண்டுபோய் அதைத் தொட்டாள். எரிந்தது. தொட்ட கையை எடுக்காமல், கண் நிறைந்து வழிய, குழந்தைக்கு முன்னால் வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஏட்டி” என்றாள், “இன்னொரு அடி அடி.”